மைக்ரேனுக்கு டின் மீன் உதவுமா? டப்பாவுக்கு நல்ல மதிப்பெண், சட்டிக்குக் கொஞ்சம் குறைவு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் நான்கைந்து டப்பா பில்சர்ட் மீன் அடுக்கியிருக்கும். பெரும்பாலும் லக்கி ஸ்டார், சில வீடுகளில் சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பெயர் போட்டது. சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதும், சொல்லாமல் விருந்தாளி வந்து நிற்கும்போதும் கை அங்கேதான் போகும். மைக்ரேனுக்காக மருந்துக்கடையில் ஒமேகா-3 குப்பி வாங்குகிறவர்கள்கூட இந்த டப்பாவை ஏழை வீட்டுச் சாப்பாடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறான கணக்கு. ஒற்றைத் தலைவலிக்காரருக்கு டர்பனில் கிடைக்கும் மலிவான நல்ல பொருள்களில் இது ஒன்று. கெடுப்பது அதைச் சமைக்கும் எண்ணெயும் கூடவே சாப்பிடும் ரொட்டியும்தான்.

முதலில் ஆதாரம். 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மைக்ரேன் உள்ள 182 பேருக்கு 16 வாரம் மூன்று விதமான உணவு கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மீனில் உள்ள இரண்டு வகை ஒமேகா-3 கொழுப்பான இ.பி.ஏ., டி.எச்.ஏ. நாளொன்றுக்கு மொத்தம் 1.5 கிராம் கிடைக்கும்படி மீன், கூடவே ஒமேகா-6 வகை லினோலிக் அமிலத்தை மொத்தக் கலோரியில் 1.8 சதவீதத்துக்குக் குறைத்த சமையல். இரண்டாம் குழுவுக்கு அதே அளவு மீன், ஆனால் எண்ணெயில் மாற்றம் இல்லை. மூன்றாம் குழுவுக்கு வழக்கமான அமெரிக்க உணவு. மூன்றாம் குழுவோடு ஒப்பிட்டால், மீன் மட்டும் கூடியவர்களுக்கு மாதத்தில் ஏறக்குறைய 2 தலைவலி நாள் குறைந்தது. மீனும் கூடி எண்ணெயும் மாறியவர்களுக்கு ஏறக்குறைய 4 நாள். அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்று அளக்கும் மதிப்பெண்ணில் மட்டும் உறுதியாகச் சொல்லும்படி முன்னேற்றம் தெரியவில்லை. ஆகவே இது மாத்திரைக்கு மாற்று அல்ல, மாத்திரையோடு சேர்ந்து நிற்கும் துணை.

இனி டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பில்சர்டும் சார்டீனும் ஒரே மீன்தான். ஜூன், ஜூலையில் குவாசூலு நட்டால் கரையோரம் வலையில் வந்து குவிகிறதே, அதே இனம். அமெரிக்க விவசாயத் துறையின் உணவு அட்டவணை, இந்த இனத்தைத் தக்காளிச் சாற்றில் அடைத்து, சாறு வடித்து, எலும்போடு அளந்து, 100 கிராமுக்கு இப்படித் தருகிறது: இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 1.4 கிராம், புரதம் 21 கிராம், கால்சியம் 240 மில்லிகிராம், சோடியம் 410 மில்லிகிராம் சொச்சம். அதாவது வடித்த மீன் 110 கிராம் சாப்பிட்டால் ஆய்வில் கொடுத்த ஒரு நாள் அளவு வந்துவிடும். சாதாரண 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய்க் குளிகையில் இவை இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான் இருக்கும், எனவே அதே அளவுக்கு 5 குளிகை விழுங்க வேண்டும். குப்பியின் முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருக்கும் 1,000 என்பது எண்ணெயின் எடை, ஒமேகா-3-இன் எடை அல்ல. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் விவரம் புரியும்.

மீனின் கொழுப்பு பருவத்துக்கும் கடலுக்கும் ஏற்ப மாறும். வெஸ்ட் கோஸ்ட் ஆலைகளில் அடைக்கும் மீனில் ஒரு பங்கு வெளிநாட்டிலிருந்து உறைந்த நிலையில் வருவது. அதனால் மேலே சொன்ன 1.4 கிராமைச் சராசரியாக எடுத்துக்கொண்டு, உங்கள் டப்பாவின் முதுகில் ஒமேகா-3 அளவு போட்டிருந்தால் அதையே நம்புங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் 400 கிராம் என்பது சாறும் சேர்ந்த எடை. ஒரே ஒரு முறை மீனை மட்டும் எடுத்துத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டால், ஒரு டப்பா எத்தனை பேருக்கு என்பது கைக்கணக்காகிவிடும்.

இப்போது சட்டி. டர்பன் கறி என்றால் மேலே எண்ணெய் மிதக்க வேண்டும், அப்போதுதான் வெந்தது என்று அர்த்தம் என்பது பாட்டி காலத்துச் சட்டம். மைக்ரேன்காரருக்கு வினையே அந்த மிதக்கும் எண்ணெய்தான். நம் வீடுகளில் புழங்கும் சூரியகாந்தி எண்ணெயில் அறுபது சதவீதத்தை ஒட்டி லினோலிக் அமிலம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 8 முதல் 9 கிராம் வரை இருக்கும். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 1.8 சதவீதம் என்றால் நாள் முழுவதற்கும் 4 கிராம்தான். அரை மேசைக்கரண்டியிலேயே அன்றைய கோட்டா முடிந்துவிட்டது. நான்கு பேருக்கான கறிக்கு அரை கப் எண்ணெய் ஊற்றினால் தலைக்கு 17 கிராம் விழும். ஆய்வில் எதுவும் மாற்றாமல் விட்ட மூன்றாம் குழுவே நாளுக்கு 16 கிராமை ஒட்டித்தான் சாப்பிட்டது. மீனுக்காகக் காசு கொடுத்துவிட்டு, அதன் பலனில் பாதியைக் கரண்டியால் ஊற்றிக் கழுவிவிடுகிறோம்.

மாற்று எண்ணெய் தேடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு, எல்லாம் ஒரு மேசைக்கரண்டிக்கு. நெய்யிலும் தேங்காய் எண்ணெயிலும் லினோலிக் அமிலம் அரை கிராமுக்கும் கீழே. மெக்கடேமியா எண்ணெயும் அப்படித்தான், விலைதான் எட்டாது. ஆலிவ் எண்ணெயில் ஒன்றரை கிராமை ஒட்டி, கனோலாவில் இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். நல்லெண்ணெய் நம்முடையது என்ற பாசத்தில் அதற்கு விலக்குக் கொடுக்க முடியாது, அதில் நாற்பது சதவீதத்தை ஒட்டி லினோலிக் அமிலம். கொலஸ்ட்ரால் கூடியவர்கள் நெய்யையும் தேங்காய் எண்ணெயையும் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், ஆலிவோ கனோலாவோ அளந்து ஊற்றினால் போதும். ‘ஹை ஒலியிக்’ என்று அச்சிட்ட சூரியகாந்தி எண்ணெய் கிடைத்தால் அது வேறு சரக்கு, அதில் லினோலிக் மிகக் குறைவு. சமோசா, சிப்ஸ், மயோனைஸ் மூன்றும் வீட்டுச் சட்டிக்கு வெளியே இருந்து வந்து கணக்கைக் குலைக்கும்.

செய்முறையில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். 400 கிராம் டப்பா ஒன்றுக்கு நெய் இரண்டு தேக்கரண்டி. கடுகு, கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய வெங்காயம் ஒன்று. எண்ணெய் குறைவாக இருப்பதால் வெங்காயம் அடிப்பிடிக்கும். அப்போது எண்ணெயைத் தேடாமல், ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள், இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நன்றாகக் குழைந்துவிடும். அதன்பின் பச்சைமிளகாய், ஒரு தேக்கரண்டி மசாலா, மஞ்சள், தக்காளி ஒன்று, டப்பாவின் சாறு. சாற்றை வடித்துக் கொட்டாதீர்கள். மீனின் கொழுப்பில் கொஞ்சம் அதில் இறங்கியிருக்கும், மேலே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன வட்டமாகத் தெரிவது அதுதான். கத்தரிக்காய் போடுகிறவர்கள் அதைத் தனியாக ஆவியில் வேகவைத்துப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் பஞ்சுபோல எண்ணெயைக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். புளிப்புக்கு மாங்காய்த் துண்டு நான்கு. மீன் ஏற்கெனவே டப்பாவுக்குள் வெந்தது, கடைசி ஐந்து நிமிடம் போதும். கரண்டி போட்டுக் கிண்டினால் கூழாகிவிடும், சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். நடு எலும்பை எடுத்து எறியாதீர்கள், கால்சியம் அதில்தான். உப்புப் போட வேண்டாம், டப்பாவிலேயே தேவையான அளவு இருக்கிறது.

அடுத்து, எதோடு சாப்பிடுவது. ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தருவதுதான் பன்னி. குவார்ட்டர் பன்னி என்றால் 700 கிராம் ரொட்டியில் கால் பாகம், குடைந்து எடுத்த உள்ளீட்டையும் சேர்த்து 175 கிராம். மாவுச்சத்து மட்டும் எண்பது கிராமுக்கு மேல் போகும். வெள்ளை ரொட்டியின் சர்க்கரை வேகமாக ஏறி வேகமாக இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் மைக்ரேனைத் தூண்டுகிறது என்பதற்கு ஆதாரம் இன்னும் மெலிவுதான். ஆனால் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும் பட்டினி கிடப்பதும் தலைவலியைக் கொண்டுவரும் என்பது மைக்ரேன்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. இரண்டு துண்டு பழுப்பு ரொட்டி அல்லது ஒரு சின்னக் கிண்ணம் புட்டு, பக்கத்தில் சுகர் பீன்ஸோ கீரையோ என்று வைத்தால் மெக்னீசியமும் சேரும், பசியும் நாலைந்து மணி நேரம் தாங்கும். காலையில் வெறும் டீயோடு வேலைக்கு ஓடி, ஒரு மணிக்கு முழு பன்னி சாப்பிடுகிறவருக்கு எந்த ஒமேகா-3-உம் கைகொடுக்காது. மிச்சக் கறியைக் காலையில் ஒரு துண்டு டோஸ்டோடு சாப்பிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மாவுச்சத்தை வெட்டிக் கொழுப்பைக் கூட்டும் பான்டிங் உணவுக்காரர்களுக்கும் டின் மீன் பொருந்தும். ஆனால் மாவை ஒரேயடியாக வெட்டும் முதல் வாரத்தில் தலைவலி கூடுவது சகஜம், இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகக்கூடாது.

மிச்சக் கறி என்றதும் ஹிஸ்டமின் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த வகை மீன்களில் ஹிஸ்டிடின் அதிகம். வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும், ஒருமுறை உருவான ஹிஸ்டமின் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. அப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்டால் சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடிக்கும். பலர் அதை மைக்ரேன் என்று நினைத்து, டின் மீனே ஆகாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். திறந்த டப்பாவை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்காமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள், மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். லோட் ஷெடிங் மின்வெட்டில் நாலு மணி நேரம் ஃபிரிட்ஜ் நின்றிருந்தால், திறந்த மீனைப் பார்த்துப் பரிதாபப்படாமல் எறிந்துவிடுங்கள். கடற்கரையில் பக்கெட்டில் விற்கும் புது சார்டீனுக்கும் இதே விதி, வெயிலில் காய்ந்ததை வாங்காதீர்கள். வாங்கும்போது டப்பா உப்பியிருந்தாலோ, மூடி ஓரத்து மடிப்பு நசுங்கியிருந்தாலோ அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் அடுக்கியிருக்கும் மற்ற டப்பாக்களைப் பற்றிச் சுருக்கமாக. டியூனா புரதத்துக்கு நல்லது, ஒமேகா-3-க்கு அல்ல. சாதாரண லைட் டியூனாவில் 100 கிராமுக்கு 0.3 கிராம்கூடத் தேறாது. மிடில்கட் மேக்கரல் ஏறக்குறைய பில்சர்டுக்குச் சமமாக நிற்கும். ‘வெஜிடபிள் ஆயில்’ ஊற்றி அடைத்த சின்ன சார்டீன் டப்பாவைத் தவிருங்கள், அங்கே சட்டியின் தவறை ஆலையே செய்துவிடுகிறது. சில்லி சாஸ் வகை தக்காளி வகையைவிடத் தாழ்வில்லை, சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் வீடு முழுக்கச் சைவம், காவடி விரதத்திலும் அப்படியே. அந்த நாட்களில் ஆளி விதை போதும் என்பார்கள். ஆளி விதையில் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை, உடம்பு அதில் மிகச் சிறிய பங்கைத்தான் இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆக மாற்றும். கடற்பாசி எண்ணெய்க் குளிகை சைவம், நேரடியாக டி.எச்.ஏ. தரும், ஆனால் விலை அதிகம். விரத மாதத்தில் எண்ணெய்ப் பக்கத்தை இறுக்கிப் பிடிப்பதுதான் சிக்கனம். சூரியகாந்தி எண்ணெயில் பொரித்த வடையும் பூரியும் சைவம்தான், லினோலிக் அமிலக் கணக்கில் சலுகை எதுவும் கிடையாது.

பலனைப் பார்க்க மூன்று நான்கு மாதம் விட வேண்டும். காலண்டரில் தலைவலி நாளுக்கு ஒரு குறி, மாத்திரை அல்லது பொடி எடுத்த நாளுக்கு இன்னொரு குறி. ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபீன் மூன்றும் கலந்த தலைவலிப் பொடியோ கோடீன் கலந்த மாத்திரையோ மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் மாத்திரையோ, மாதத்தில் 10 நாளைத் தொட்டால் மருந்தே தலைவலியைத் தொடரவைக்கும். தனிப் பாராசிட்டமாலுக்கு அந்த எல்லை 15 நாள். அந்த நிலையில் இருப்பவருக்கு டின் மீன் என்ன செய்தது என்று காலண்டர் காட்டாது, முதலில் டாக்டரிடம் போய் அதைச் சரிசெய்ய வேண்டும். திடீரென்று இதுவரை காணாத வேகத்தில் வெடிக்கும் தலைவலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவற்றுக்குச் சமையலறையில் வேலையில்லை.

மதிப்பெண்: டப்பாவுக்கு 5-க்கு 4, உப்புக்காக ஒன்று குறைத்தது. ரத்த அழுத்தக்காரர்கள் அன்றைய மற்ற உப்பை, குறிப்பாக ஊறுகாயையும் சிப்ஸையும் விட்டுவிட்டுச் சாப்பிடலாம். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் கவுட் இருப்பவர்கள் மட்டும் வாங்க வேண்டாம். பில்சர்டில் பியூரின் மிக அதிகம், தலைவலி குறைகிறதோ இல்லையோ கால் பெருவிரல் வீங்கிவிடலாம். அவர்களுக்கு ஒமேகா-3 குளிகைதான் வழி.