வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான 'இம்யூனிட்டி பேக்கேஜ்': எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

இங்கிலாந்து, அமெரிக்கா போகும் நர்ஸ்களுக்கென்று லேப்கள் விற்கும் இந்த பேக்கேஜில் பொதுவாக ஹெபடைட்டிஸ் பி ஆன்டிபாடி, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கான ஐஜிஜி எனும் ஆன்டிபாடி டெஸ்ட்கள், காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் இக்ரா ரத்த டெஸ்ட் எல்லாம் சேர்ந்தே வரும். ஒரே தடவை ஊசி குத்தி முடித்துவிடலாம் என்பது வசதிதான். ஆனாலும் முழு பேக்கேஜும் எல்லோருக்கும் தேவையில்லை.

கட்டாயம் எடுக்க வேண்டியது ஹெபடைட்டிஸ் பி. பணம் கட்டுவதற்கு முன்பே 'குவான்டிடேட்டிவ்' டெஸ்ட்தானா என்று கேட்டுவிடுங்கள். வெறும் 'ரியாக்டிவ்' என்று அச்சடித்த ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, எண் வேண்டும். அமெரிக்காவில் மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் இருந்தால் போதும். இங்கிலாந்தில் 100 எதிர்பார்ப்பார்கள். 10க்கும் 100க்கும் நடுவில் நின்றால் இன்னொரு டோஸ் போடச் சொல்வார்கள்.

கடைசி டோஸ் போட்டு ஒன்று, இரண்டு மாதத்தில் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு முழு அர்த்தம். காலேஜ் முதல் வருஷத்தில் போட்ட மூன்று டோஸுக்குப் பத்து வருஷம் கழித்து டெஸ்ட் எடுத்தால் 4, 6 என்று வருவது சகஜம். பயப்பட வேண்டாம். ரத்தத்தில் ஆன்டிபாடி வடிந்திருக்கிறதே தவிர, உடம்பு அந்தக் கிருமியை மறந்துவிடவில்லை. ஒரு டோஸ் போட்டுக்கொண்டு ஒன்று, இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலானோருக்கு எண் ஏறிவிடும். அப்போதும் 10ஐத் தொடவில்லை என்றால் இன்னும் இரண்டு டோஸ் போட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஊசி போட்ட கையோடு, ஹெபடைட்டிஸ் பி தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் சர்ஃபேஸ் ஆன்டிஜென் டெஸ்ட் மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஊசி மருந்தில் இருப்பதே அந்த ஆன்டிஜென்தான். 18 நாள் வரைகூட பாசிட்டிவ் காட்டக்கூடும். வேலையே தள்ளிப்போகும்.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி எம்எம்ஆர். அதன் டைட்டருக்குத்தான் (ஆன்டிபாடி அளவு பார்க்கும் டெஸ்ட்) அநாவசியமாகக் காசு போகிறது. இரண்டு டோஸ் போட்டதற்குத் தேதியோடு சான்று இருந்தால் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி வழிகாட்டலில் அதுவே போதும். டைட்டர் நெகட்டிவாக வந்தாலும் சான்றுக்குத்தான் மதிப்பு. நம்மூரில் கவனிக்க வேண்டியது வேறு. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மையும் ரூபெல்லாவும் உண்டு, பொன்னுக்குவீங்கி கிடையாது. சுகாதார நிலையத்தில் மட்டும் ஊசி போட்டவர்களின் அட்டையில் அந்த இடம் காலியாகவே இருக்கும். அவர்கள் டெஸ்டுக்குச் செலவழிப்பதைவிட 28 நாள் இடைவெளியில் இரண்டு எம்எம்ஆர் போட்டுக்கொள்வதே நேர்வழி. கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் போடக் கூடாது.

சின்னம்மை ஐஜிஜி, அம்மை வந்து போனவர்களுக்கு உபயோகமானது. ஊசி மட்டும் போட்டவர்களுக்கு வேண்டாம்; சாதாரண லேப் கிட்கள் ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியைப் பல நேரம் பிடிப்பதில்லை.

குழந்தையிலேயே பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட நம்மவர்களுக்கு, தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ டெஸ்ட் தப்பாக பாசிட்டிவ் காட்டலாம், இக்ராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் வசதியை இதற்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இக்ரா வகைகளில் ஒன்றான குவான்டிஃபெரான் பிளஸ்ஸில் நாலு டியூப், ஒவ்வொன்றிலும் 1 மில்லி. ஆன்டிஜென் டியூபின் உள்சுவரில் பூசியிருப்பதால், சுவர் முழுக்க ரத்தம் படும்படி பத்துத் தடவை குலுக்க வேண்டும். 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டருக்குள் போயாக வேண்டும். இதில் எது தவறினாலும் 'இன்டிடெர்மினேட்' (முடிவு சொல்ல முடியாது) என்று வரலாம், மறுபடி காசு. காலையிலேயே மெயின் லேபுக்குப் போய்விடுங்கள். எம்எம்ஆர் போடுவதாக இருந்தால் முதலில் இக்ராவுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அன்றே ஊசி போடலாம். ஊசி முந்திவிட்டால் நாலு வாரம் காத்திருங்கள்.

கடைசியில் பல ஃபைல்கள் சிக்குவது பெயரில். தடுப்பூசி அட்டையில் 'எஸ்.' என்ற ஒற்றை இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. பார்ப்பவருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். லேப் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி அதில் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் கேளுங்கள். 05/08 என்றிருந்தால் அமெரிக்காவில் மே 8 என்று படிப்பார்கள். இங்கிலாந்தில் ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி ரிப்போர்ட்டுகளில், போட்டோ அடையாள அட்டையைச் சரிபார்த்தே ரத்தம் எடுத்ததாகக் குறிப்பும் இருக்க வேண்டும். அதை ரத்தம் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.