பதினைந்தாயிரம் கேம், அதில் கான்ட்ரா மட்டும் 31

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கடையில் கையடக்க கேம் கன்சோல் வாங்கி 5,300 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடைப் பெயர் வேண்டாம். இதே மாதிரி ‘15,000 கேம்ஸ்’ போர்டை மாயவரத்திலும் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கன்சோல் 3,800. கூட வந்த மெமரி கார்டு சின்னது, ‘ஃபுல் செட்’ வேண்டுமென்றால் 128 ஜிபி கார்டுக்கு 1,500 தனி என்றார் கடைக்காரர். “எல்லாமே உள்ள இருக்கு சார், நீங்க எதையும் டவுன்லோடு பண்ண வேணாம்.” அக்கா பையனுக்கு முழுப் பரீட்சை லீவு, கூடவே வந்து நிற்கிறான். சரி என்று ஜிபேயில் பணம் போட்டேன். பில் கேட்டதற்கு, “சைனா அயிட்டத்துக்கு ஏது சார் பில்லு” என்று சிரித்தார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

திருவாரூர் பஸ் குடவாசல் தாண்டுவதற்குள் பையன் கேட்டான்: “மாமா, இதுல கான்ட்ரா ஏன் இத்தனை இருக்கு?” எண்ணினோம். 31.

ஒவ்வொரு பெயரின் வாலிலும் சதுர அடைப்புக்குறிக்குள் ஏதோ ஓர் எழுத்து. வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் புரிந்தது, இது குட்நெஸ் என்ற பழைய தொகுப்பு முறை. [!] இருந்தால் சரிபார்த்த நல்ல நகல். ‘பி’ என்றால் கெட்டுப்போன நகல், ‘எச்’ என்றால் யாரோ கைவைத்து மாற்றியது, ‘டி’ என்றால் உயிர் குறையாமல் இருக்க ஏமாற்று வேலை சேர்த்தது. அமெரிக்கப் பதிப்பு, ஜப்பான் பதிப்பு எல்லாம் தனித்தனி. ஐரோப்பாவில் கான்ட்ராவின் மனிதர்களை ரோபோவாக மாற்றி ப்ரோபோடெக்டர் என்று வெளியிட்டார்கள். அதுவும் வேறு கேம் போலப் பட்டியலில் இருந்தது. தொகுத்தவர்கள் மேல் தப்பில்லை. உலகில் சுற்றும் எல்லா நகலையும் பதிவு செய்வதே அவர்கள் நோக்கம். அதை அப்படியே கார்டில் கொட்டி, கெட்டுப்போனதையும் ஒரு கேமாக எண்ணி விற்பதுதான் மோசடி.

என் வயதுக்காரர்களுக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளில் டெர்மினேட்டர், லிட்டில் மாஸ்டர் என்ற டிவி கேம் பெட்டிகளுக்கு ‘99999 இன் 1’ கேசட் வரும். உள்ளே ஏழெட்டு கேம், அதையே மூன்றாம் லெவலில் தொடங்க வைத்து வேறு பெயர் போட்டிருப்பார்கள். ஒன்பது வயதில் விழுந்த அதே நம்பரில் இந்த வயதிலும் விழுந்திருக்கிறேன்.

நம்பருக்கு அர்த்தமே இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. பழைய சூப்பர் மரியோ ஃபைல் வெறும் 40 கேபி. 128 ஜிபி கார்டில் அதை முப்பது லட்சம் தடவை நிரப்பலாம். பிளேஸ்டேஷன் சிடி ஒன்று 650 எம்பி வரை போகும். சுருக்காமல் போட்டால் இருநூறு தாண்டாது.

அந்த பிளேஸ்டேஷன் கேமில்தான் அடுத்த அடி. ஃபோல்டர் நிறைய பெயர்கள், எதுவும் ஓடவில்லை. லேப்டாப்பில் பார்த்தால் எல்லாம் ‘க்யூ’ ஃபைல், சில நூறு பைட். அது வெறும் குறிப்புச் சீட்டு. உண்மையான சரக்கு ‘பின்’ ஃபைலில் இருக்கும். அது ஒன்றுகூட இல்லை.

நான் ஆசைப்பட்டதோ முஸ்தபா கேமுக்கு. கடில்லாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது, முஸ்தபா என்றால் தெரியும். திறந்தால் கறுப்புத் திரை. காசு போட்டு ஆடும் பெரிய மெஷின்களின் ஆர்கேட் கேம்களுக்கு மேம் தொகுப்பு என்று ஒன்று உண்டு, மற்றவற்றைவிடச் சிக்கலானது. ஒரு கேமின் மூலப் பதிப்பு தாய், அதன் வேறு பதிப்புகள் கிளை. ‘ஸ்பிளிட்’ வகையில் கிளைப் பதிப்பின் ஜிப் ஃபைலில் மாறிய பகுதி மட்டும்தான் இருக்கும், மீதிக்குத் தாய் ஜிப்பும் வேண்டும். ‘மெர்ஜ்டு’ வகையில் தாயும் கிளைகளும் ஒரே ஜிப்பில். ‘நான்-மெர்ஜ்டு’ வகையில் ஒவ்வொன்றும் தன் ஃபைல்களைத் தானே வைத்திருக்கும். என் கார்டில் அமெரிக்கப் பதிப்பின் கிளை மட்டும் இருந்தது, தாய் இல்லை. இது போக, தொகுப்பின் பதிப்பு எண்ணும், பழைய மெஷின் போல நடித்து கேமை ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளுடன் ஒத்துப்போக வேண்டும். இந்த மாதிரிக் கன்சோல்களில் பலவற்றில் இருக்கும் எமுலேட்டரான மேம் 2003, மேமின் 0.78 பதிப்பை ஒட்டியது. புதிய தொகுப்பைப் போட்டால் பல கேம் திறக்காது.

கடைசியில் கார்டே போலி. நான்கு நாளில் பையன் சேமித்த ஆட்டமெல்லாம் காணாமல் போனது. கார்டில் இருந்ததை லேப்டாப்பில் எடுத்து வைத்துக் காலி செய்து, கார்டின் நிஜ அளவைச் சோதிக்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை ஓட்டினேன். 128 என்று காட்டுவதில் 14 ஜிபிதான் நிஜம். ஃபைல் பெயர்ப் பட்டியல் கார்டின் ஆரம்பத்திலேயே எழுதப்படுவதால் பெயரெல்லாம் ஒழுங்காகத் தெரியும். உள்ளே போனால் வெறுமை.

வாங்குகிறவர்கள் எத்தனை கேம் என்று கேட்காதீர்கள், எந்தத் தொகுப்பு என்று கேளுங்கள். கார்ட்ரிட்ஜ், அதாவது கேசட் கேமுக்கு நோ-இன்ட்ரோ, சிடிக்கு ரீடம்ப் என்று பதில் வந்தால் கடைக்காரருக்கு விஷயம் தெரியும். டோசெக் என்றால் பழைய கம்ப்யூட்டர் சரக்கு உட்பட எல்லாவற்றையும் பட்டியலிடும் ஆவணக்காரர்களின் வேலை, விளையாட எடுத்தால் தலை சுற்றும். ஆனால் நோ-இன்ட்ரோவும் ரீடம்பும் கேமைத் தருவதில்லை, சரியான நகல் எது என்று சரிபார்க்கும் பட்டியலைத்தான் தருகின்றன. “அவங்களே குடுத்தது” என்று யாராவது சொன்னால் பொய். கேம்களின் உரிமை கம்பெனிகளிடம் இருக்கிறது, நகலெடுத்து விற்பது சட்டப்படி தப்பு. பில் வராத காரணமும் அதுதான் என்று பிறகு உறைத்தது.

திரும்பப் போனேன். லேப்டாப்பில் சோதனை முடிவைக் காட்டியதும், போலி என்று ஒப்புக்கொள்ளாமலே 700 ரூபாயை நீட்டினார். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஜிபே பதிவும் கையில் இருக்கிறது. ஆனால் அதில் தொகைதான் இருக்கிறது, எதற்குக் கொடுத்தேன் என்று இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதிதாக ஒரு 32 ஜிபி கார்டு போட்டு, ஆச்சரியக்குறி இருந்த கான்ட்ராவை மட்டும் வைத்து மற்ற முப்பதையும் அழித்தோம். உயிர் குறையாத அந்த நகல் மட்டும் வேண்டும் என்று பையன் அடம் பிடித்தான். அது எதற்கு என்று சொல்லி, தொடக்கத் திரையில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்திக் காட்டினேன். முப்பது உயிர் வந்தது.