பை-வயரிங்: வயரை விடுங்கள், தகட்டைப் பாருங்கள்

புதிதாக ஸ்பீக்கர் வாங்கிய நண்பர், பின்பக்கம் நான்கு முனைகள் இருக்கின்றனவே, இன்னொரு ஜோடி வயர் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். என் வீட்டில் பை-வயரிங், அதாவது ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஜோடி வயர் இழுக்கும் வேலை, செய்து சில ஆண்டுகள் ஆகின்றன. நேரில் பதில் சொன்னால் குரல் உயரும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடலாம். ஆம்ப்ளிஃபையரின் ஒரே முனையிலிருந்து கிளம்பும் இரண்டு வயர்களில் ஒன்று கனத்த ஒலி தரும் வூஃபருக்கும் மற்றது கூர்மையான ஒலி தரும் ட்வீட்டருக்கும் போகிறது. அந்த இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் ஸ்பீக்கருக்குள் இருப்பதால் இரண்டிலும் வெவ்வேறு மின்னோட்டம் ஓடுவது உண்மைதான். அப்படிப் பிரித்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது என்று கடையில் சொல்வார்களே, அதுதான் கட்டுக்கதை. செம்பு எத்தனை ஒலியையும் கலப்படமில்லாமல் சுமக்கும். மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், போக வரச் சேர்த்துத் தடை சுமார் 0.04 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைவது 0.05 டெசிபல்கூட இல்லை. ஸ்பீக்கர் தயாரிப்பவர்களில் வாண்டர்ஸ்டீன் நிறுவனம் பை-வயரிங் செய்யச் சொல்லி வலியுறுத்துகிறது. டைனாடியோ ஒரே ஜோடி முனையோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டையுமே ரசித்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

என் பொறுமையைச் சோதித்தது வயர் அல்ல. ஒரே ஜோடி வயரைக் கீழ் முனையில் மாட்டும்போது ட்வீட்டருக்கான மேல் முனையையும் வூஃபருக்கான கீழ் முனையையும் இணைக்க, முலாம் பூசிய பித்தளைத் தகடு ஒன்றைக் கொடுக்கிறார்களே, அது. அத்தனை விலை வாங்கும் பெட்டியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் அந்தத் தகட்டில்தான் சிக்கனம் பார்க்கத் தோன்றியதா? எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில். உப்புக்காற்றில் முலாம் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்தது. வூஃபரின் அதிர்வில் திருகும் மெல்ல நெகிழ்ந்தது. தனி ஆவர்த்தனம் கேட்கும்போது மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் தொம் நெஞ்சில் இடிக்கிறது. வலப்பக்கமான வலந்தலையின் கணீரென்ற சாப்பு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. பழுது பார்க்க வந்தவர் பெட்டியைத் தொடாமலேயே ட்வீட்டர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதி, விலையும் சொன்னார். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ட்வீட்டர் நலமாக இருந்தது. தகட்டைத் தேய்த்துத் திருகை இறுக்கியதும் சாப்பு பளிச்சென்று விழுந்தது. அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் அதே கதை.

அந்த எரிச்சலில்தான் தகடுகளைக் கழற்றிவிட்டு இரண்டாவது வயரை இழுத்தேன். ஒலி மேம்பட்டதா? இல்லை. தலைவலி தீர்ந்ததா? அடியோடு. இப்போது அந்த ஸ்பீக்கர் இருப்பதையே மறந்து பாட்டைக் கேட்கிறேன். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

ஆனாலும் நண்பரே, நீங்கள் வாங்க வேண்டாம். மீந்து கிடக்கும் வயரில் சாண் நீளத் துண்டுகள் வெட்டி, முனை சீவி, ஒவ்வொரு தகட்டின் இடத்திலும் ஒன்றாக இறுக்கிவிடுங்கள். எனக்குக் கிடைத்த பலன் முழுவதும் காசில்லாமல் உங்களுக்குக் கிடைக்கும். என்னுடையதைக் கழற்றுவேனா என்று கேட்காதீர்கள், மாட்டேன். அலமாரியை நகர்த்தி வயர் இழுத்த முதுகுவலிக்கு ஒரு மரியாதை வேண்டாமா? பிற்காலத்தில் இரண்டு ஆம்ப்ளிஃபையர் வைக்கும் ஆசை வந்தால் மட்டும், மேல் முனையையும் கீழ் முனையையும் இணைக்கும் துண்டுகளை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டின் வெளியீடும் ஒன்றோடொன்று முட்டி ஆம்ப்ளிஃபையரே புகைந்துவிடக்கூடும். பழைய தகடுகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஸ்பீக்கரை விற்கும் நாளில், வாங்க வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.