ரி.16000எம் ஜோய்ஸ்ரிக், ரிஎஃப்ஆர்பி பெடல்: கார்ட் விமானித் தேர்வுக்குப் பழக வாங்கலாமா?

அமெரிக்காவில் மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் சிப்பாயாகச் சேர்ந்து, பிறகு விமானியாகப் போக நினைக்கிற எங்கட பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் மாமன்மாரும் விசாரிக்கிற சாமான்கள் இவை: த்ரஸ்ட்மாஸ்டரின் ரி.16000எம் ஜோய்ஸ்ரிக், அதே கொம்பனியின் ரிஎஃப்ஆர்பி காற்பெடல். குடியேற்ற விசா கிடைத்துப் பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்களும், நல்லூர்த் திருவிழாவுக்கு லீவில் வந்து நிற்கிற கார்ட் பெடியளும் இதைத்தான் கேட்கிறார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிள்ளை விமானப்படையைச் சேர்ந்த ஏர் நேஷனல் கார்டில் விமானியாகப் போவதென்றால் பெடலை வாங்குங்கள். ஸ்ரிக் எது கிடைத்தாலும் சமாளிக்கலாம். ஆர்மி நேஷனல் கார்ட் வழியாக ஹெலிகொப்ரர் ஓட்டப் போவதென்றால் இரண்டுமே வேண்டாம்.

ஏன் ஆர்மிக்கு வேண்டாம் என்பதைக் கடைக்குப் போகமுதல் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆர்மி கார்டில் சிப்பாயாக இருப்பவர் பட்டப்படிப்பு இல்லாமலேயே வாரன்ற் ஒஃபிசர் (சிப்பாய்க்கும் ஒஃபிசருக்கும் இடைப்பட்ட தரம்) விமானியாக விண்ணப்பிக்கலாம். அதற்குப் படையில் சேரும்போது எழுதுகிற தேர்வில் இருந்து வருகிற ஜிரி புள்ளி குறைந்தது 110 இருக்கவேண்டும், சிஃப்ட் என்ற ஆர்மி விமானித் தேர்வில் குறைந்தது 40 எடுக்கவேண்டும். சிஃப்டில் கையால் ஓட்டிக் காட்டுகிற பகுதி ஒன்றுமில்லை. முழுக்கக் கணினித் திரையில் விடையைத் தெரிவுசெய்வதுதான். எளிய உருவங்களில் வேறுபட்டதைக் கண்டுபிடிக்கிற பகுதியில் 2 நிமிடத்துக்கு 100 கேள்வி. மறைந்த உருவத்தைத் தேடுகிற பகுதியில் 5 நிமிடத்துக்கு 50. இவற்றோடு ஹெலிகொப்ரர் அறிவு, கணிதம், இயந்திர விளக்கம். வாழ்நாளில் இரண்டே தரம்தான் எழுதலாம். முதல் தரமே 40 எடுத்துவிட்டால் புள்ளியைக் கூட்டுவதற்கென்று திரும்ப எழுத விடமாட்டார்கள். அதனால் ஆர்மிக்குப் போகிற பிள்ளை ஜோய்ஸ்ரிக்கோடு செலவழிக்கிற ஒவ்வொரு மாலையும் படிப்பில் இருந்து பறிபோகிற மாலை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ இலவசமாகத் தருகிற ஹெலிகொப்ரர் கைநூலை அச்செடுத்துக் கட்டிக் கொடுங்கள். ஜோய்ஸ்ரிக்கை விட அதுதான் உதவும்.

ஏர் கார்டின் கதை வேறு. அங்கே விமானி ஆக பட்டம் வேண்டும், ஒஃபிசர் ஆகவேண்டும், 33 வயது நிறையமுன் விமானப் பயிற்சியைத் தொடங்கவேண்டும். தேர்வுப் பக்கத்தில் இரண்டு படி. ஒன்று ஏஎஃப்ஓகியூரி என்ற எழுத்துத் தேர்வு. மற்றது ரீபாஸ்: ஸ்ரிக்கும் பெடலும் ஹெட்போனும் வைத்த கணினி முன் உட்கார்ந்து செய்வது. எழுத்துத் தேர்வின் விமானிப் புள்ளி, ரீபாஸ், உண்மையான விமானத்தில் பறந்த மணித்தியாலம் ஆகிய மூன்றையும் கலந்து 1 முதல் 99 வரை பிசிஎஸ்எம் என்ற ஒரு புள்ளி வரும். ஆள் எடுக்கிற விமானப் பிரிவுகளான ஸ்குவாட்ரன்கள் விண்ணப்பத்தில் பார்க்கிற எண்களில் அது முக்கியமானது. வீட்டுச் சிமுலேற்றரில் ஓட்டிய மணித்தியாலம் இந்தக் கணக்கில் சேராது. சிலர் அதை நம்பித்தான் இந்தச் சாமானை வாங்குகிறார்கள், அது வீண்.

இனிப் பெடல். ரீபாஸில் ஒரு பகுதியில் கையால் ஸ்ரிக்கை ஆட்டி, ஓடுகிற விமானத்தைக் குறியில் பிடிக்கவேண்டும். இன்னொரு பகுதியில் திரையின் கீழே பக்கவாட்டில் ஓடுகிறதைக் காலால் பிடிக்கவேண்டும். பிறகு இரண்டையும் ஒன்றாக. அதற்கும் மேல், காதில் எழுத்தும் இலக்கமும் ஓடிக்கொண்டிருக்கும். முன்னரே சொல்லித்தந்த இலக்கங்கள் வரும்போது மட்டும் ட்ரிகரை அமத்தவேண்டும். வீடியோ கேம் விளையாடி வளர்ந்த பிள்ளைக்குக் கை ஏற்கெனவே பழகியிருக்கும். கால் பழகியிருக்காது. மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டியிருந்தாலும் உதவாது. அவற்றில் ஒவ்வொரு காலும் தனித்தனி வேலை செய்கிறது. இங்கே ஒரு கால் முன்னே போக மற்றது பின்னே வந்தாக வேண்டும். முதல் நாள் எல்லாரும் செய்கிற பிழை இரண்டு காலாலும் ஒரேயடியாக அமத்துவது; பெடல் நடுவில் இறுகி நிற்கும், குறி ஓடிவிடும். இதை மாற்ற வாயால் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை, பெடல் வைத்துப் பழகியே ஆகவேண்டும். காசு போடவேண்டிய இடம் இது என்று சொல்வது இதனால்தான்.

ரிஎஃப்ஆர்பி விலைக்கு ஏற்ற பெடல். குதியையும் பாதத்தையும் முழுக்கப் பெடலில் வைத்து, இரண்டு தடத்தில் சறுக்கி ஓட்டுகிற அமைப்பு. தடம் வழுக்கலாக நன்றாக ஓடும். இரண்டு குறை உண்டு. இரண்டு பாதத்துக்கும் இடைவெளி குறைவு; நெடிய ஆளுக்கு முழங்கால்கள் ஒட்டிக்கொள்ளும், அரை மணித்தியாலத்தில் இடுப்பு நோகும். மற்றது எடை குறைவு. எங்கட வீடுகளின் ரைல்ஸ் நிலத்திலும் பளபளப்பாக இழைத்த சீமெந்து நிலத்திலும் வலக்காலைத் தள்ள முழுப் பெடலும் முன்னே நகரும். ஆள் தன்னையறியாமல் மெதுவாக, பயந்து பயந்து தள்ளப் பழகிவிடுவார். தேர்வுக்கு அது கெட்ட பழக்கம்.

அதற்கு வழி சுலபம். கதிரையின் நான்கு காலும் பெடலும் ஒரே பலகையில் நிற்கும்படி நீளமான ஒட்டுப்பலகை ஒன்று எடுங்கள். பெடலுக்கு முன்னால் ஒரு சட்டத்தைக் குறுக்கே ஆணி அடித்து வையுங்கள். ஆள் தன் பாரத்தாலேயே பலகையை அமத்துகிறார், பெடல் சட்டத்தில் முட்டி நிற்கிறது, ஒன்றும் அசையாது. பலகை கிடைக்காவிட்டால் பெடலைச் சுவரோடு முட்டக் கொடுத்து வைக்கலாம். ஆனால் அப்போது மேசையும் சுவரோரம் போகவேண்டும், திரை கண்ணுக்குக் கிட்ட வந்துவிடும். சில்லுக் கதிரை கூடவே கூடாது. பிளாஸ்ரிக் கதிரையும் பின்னே வளையும். சாப்பாட்டு மேசையின் மரக் கதிரை போதும். முழங்கால் செங்கோணத்தை விடச் சற்று விரிந்து இருக்கும் தூரத்தில் உட்காரவேண்டும். கணுக்காலால் தள்ளக்கூடாது, தொடையில் இருந்து தள்ளவேண்டும். கணுக்காலால் தள்ளினால் நுனிப்பாதம் பெடலில் உள்ள பிரேக்கை அமத்திக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு பிரேக் அச்சையும் மென்பொருளில் கழற்றி விடுங்கள், இந்தப் பயிற்சிக்கு அவை தேவையில்லை.

வெறுங்காலோடு பழகாதீர்கள். சித்திரை வெயிலில் பாதம் வியர்த்துப் பெடலில் ஒட்டும். ஒட்டுகிற கால் தருகிற பிடி சப்பாத்துக் காலுக்குக் கிடைக்காது. தேர்வுக்குப் போடப்போகிற மாதிரியான சப்பாத்தையே போட்டுப் பழகட்டும். வலிகாமத்துச் செம்மண் தூசி தடத்தில் படிந்தால் ஓட்டம் விட்டுவிட்டு வரும். காய்ந்த பெயின்ற் பிரஷ்ஷால் கிழமைக்கு ஒருக்கால் தட்டிவிடுங்கள். எண்ணெய் போடவேண்டாம். தேங்காய் எண்ணெயோ என்ஜின் ஒயிலோ தூசியைப் பிடித்துக் களியாக்கி, இருந்த வழுக்கலையும் கெடுத்துவிடும்.

ஸ்ரிக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ரி.16000எம்மின் முன்பின், இடம்வலம் அசைவுகளைக் காந்த உணரி அளக்கிறது. உரசித் தேய்கிற பாகம் அதில் இல்லை. கடற்காற்றும் தூசியும் உள்ள ஊருக்கு இது பெரிய வசதி. ஸ்ரிக்கை முறுக்கித் திருப்புகிற அச்சு உரசுகிற பழைய வகை, காலப்போக்கில் நடுங்கத் தொடங்குவது அதுதான். பெடல் இருந்தால் அந்த முறுக்கு அச்சை மென்பொருளில் நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒரே வேலைக்குப் பதிந்திருந்தால் கை தெரியாமல் முறுக்கும்போது கால் செய்ததெல்லாம் கெடும். வலக்கைக்கும் இடக்கைக்கும் மாற்றிப் பூட்டக்கூடியது என்றாலும் இடக்கைக்காரரும் வலக்கையாலேயே பழகட்டும். மென்பொருளில் அசைவை மென்மையாக்குகிற வளைவை நேர்கோடாக வையுங்கள். வளைவு போட்டால் வீட்டில் புள்ளி அழகாக வரும், வேறொருவரின் ஸ்ரிக்கில் கை தடுமாறும். சிறிய தளம் என்பதால் வேகமாக இழுத்தால் தூக்கும், இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் மேசையில் ஒட்டினால் சரி. த்ரொட்டிலோடு (என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கிற பிடி) சேர்த்து விற்கிற பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

பழகும் முறை: முதல் 5 நிமிடம் கால் மட்டும், அடுத்த 5 நிமிடம் கை மட்டும், பிறகு இரண்டும். இரண்டும் ஒன்றாக ஓரளவு படிந்த பிறகே காதைச் சேர்க்கவேண்டும். வீட்டில் ஒருவர் ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்து வாசிக்கலாம். அமெரிக்க உச்சரிப்பில் வாசிக்கிற செயலி கைத்தொலைபேசியில் இருந்தால் இன்னும் நல்லது, தேர்வில் வருகிற குரல் எங்கட குரல் அல்ல. குறியின் பின்னால் துரத்துகிறவருக்குப் புள்ளி வராது. சின்னச் சின்னத் திருத்தம் போட்டுக் கிட்டவே வைத்திருக்கிறவருக்கு வரும். ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்கு மேல் போனால் கால் களைத்துப் பிழையையே பழகும்.

ரீபாஸிலேயே இந்தச் சாமானால் பழக முடியாத பகுதி ஒன்று இருக்கிறது, திசையறிதல். ஒரு பக்கம் விமானம் எந்தத் திசையில் போகிறது என்ற வரைபடம். மறுபக்கம் கமராவில் ஒரு கட்டடமும் அதைச் சுற்றி நான்கு வாகனத் தரிப்பிடங்களும். கிழக்குத் தரிப்பிடம் எது என்று கேட்பார்கள், நேரமும் பிழையும் இரண்டுமே கணக்கு. இதற்குச் சைக்கிள் போதும். காங்கேசன்துறை வீதியில் சுன்னாகத்தில் இருந்து ரவுணை நோக்கி, அதாவது தெற்கே, வருகிறார் என்று வையுங்கள். படத்தின் மேற்பக்கம் தெற்கு, இடப்பக்கம் கிழக்கு. சந்தியில் மேற்கே திரும்பினால் வலப்பக்கம் வடக்கு, கிழக்கு முதுகுக்குப் பின்னால், படத்தில் கீழ்ப்பக்கம். ஒவ்வொரு சந்தியிலும் நாலு பக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனால் சில கிழமைகளில் யோசிக்காமல் வரும்.

எழுத்துத் தேர்வை யாரும் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஏஎஃப்ஓகியூரியில் 12 பகுதி. விமானிப் புள்ளிக்குப் போவது கணித அறிவு, அட்டவணை வாசிப்பு, கருவி விளக்கம், விமான அறிவு ஆகிய நான்கும். அட்டவணை வாசிப்பில் 40 கேள்விக்கு 7 நிமிடம், கருவி விளக்கத்தில் 25 கேள்விக்கு 5 நிமிடம், அதாவது கேள்விக்கு 12 செக்கன். இந்த இரண்டாவதில்தான் கெட்டிக்காரரும் சறுக்குகிறார்கள். விமானம் வலப்பக்கம் சரியும்போது கருவியில் அடிவானக் கோட்டின் வலது நுனி மேலே போகும். அந்தக் கோட்டையே இறக்கை என்று பார்க்கிறவர் இடப்பக்கச் சரிவு என்று விடை போடுவார், அதே பிழையை 25 கேள்விக்கும் செய்வார். கணிதப் பகுதிக்குக் கல்குலேற்றர் இல்லை. கல்குலேற்றர் இல்லாமல் ஓஎல் கணக்குப் பாடம் செய்த எங்கட பிள்ளைகளுக்கு அது ஒரு பலம். பிழையான விடைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடவேண்டாம்.

புள்ளி நல்லதாக வந்தாலும் ஏர் கார்டில் ஆளைத் தெரிவுசெய்வது அந்தந்தப் பிரிவின் விமானிகள் உட்கார்ந்து நடத்துகிற தெரிவுக் குழு. அதே பிரிவில் ஏற்கெனவே விமானப் பராமரிப்பிலோ சரக்கு ஏற்றும் பணியிலோ சிப்பாயாக இருப்பவருக்கு இங்கே உண்மையான அனுகூலம் உண்டு, அவருடைய வேலையை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். பிறகு ஒஹாயோவின் ரைட்-பற்றர்சன் தளத்தில் மருத்துவப் பரிசோதனை, அலபாமாவின் மக்ஸ்வெல் தளத்தில் ஒஃபிசர் பயிற்சி, அதன்பின் விமானப் பயிற்சி, அது முடிந்ததும் 10 வருடச் சேவைக் கடப்பாடு. சிப்பாயாகச் சேரக் கிரீன் கார்ட் போதும், ஒஃபிசராகவும் வாரன்ற் ஒஃபிசராகவும் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். சேவையின் அடிப்படையில் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் போடுகிற படையினருக்குக் கட்டணம் இல்லை. சேவையை உறுதிப்படுத்தும் என்-426 படிவத்தைப் பிரிவிலேயே நிரப்பித் தருவார்கள். பாதுகாப்பு விசாரணைப் படிவத்தில் வெளிநாட்டில் உள்ள உறவினர் விபரமும் பயணத் திகதிகளும் கேட்கப்படும். யாழ்ப்பாணத்தில் இருக்கிற நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, குடும்பத்தில் எல்லாருடைய பிறந்த திகதி, இடம், முகவரி ஆகியவற்றைச் சரியாக எழுதி அனுப்புவது.

வாங்குவதற்கு முன்னர் இன்னொன்று. ரவுணில் உள்ள ஏதாவது கண் பரிசோதிக்கும் இடத்தில் புள்ளிப்படம் காட்டி நிறப்பார்வையைச் சோதித்துவிடுங்கள். நிறப்பார்வை சரியில்லாமல் விமானப்படை விமானி ஆகமுடியாது. அது தெரியாமல் பெடலுக்குக் காசு கட்டுவது அநியாயம்.

யாழ்ப்பாணக் கடைகளில் இவை அலுமாரியில் இருப்பது அரிது, பெரும்பாலும் கொழும்பில் இருந்து வரவழைத்துத் தருவார்கள். காசு முழுக்கக் கொடுக்கமுன் பெட்டியைக் கடையிலேயே திறந்து கணினியில் செருகிப் பார்க்கக் கேளுங்கள். பெடல் வயரின் நுனியைப் பாருங்கள். அதில் யூஎஸ்பி இருக்கவேண்டும். தொலைபேசி வயர் மாதிரியான ஆர்ஜே12 மட்டும் இருந்தால் அதைக் கணினியில் நேரே செருகமுடியாது; கொம்பனியின் த்ரொட்டிலோ, தனியாக ஒரு யூஎஸ்பி மாற்றியோ வேண்டும், அதையும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். விண்டோஸில் ஜோய்ஸ்ரிக் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பெடலை ஒரு நுனியில் இருந்து மறு நுனிக்கு மெதுவாகத் தள்ளுங்கள். கோடு துள்ளாமல் ஓடவேண்டும், காலை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பவேண்டும். துள்ளினால் அங்கேயே வைத்துவிட்டு வேறு பெட்டி கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிவரும் என்று நினைக்கவேண்டாம்.