இரணைதீவு ‘எல்லாம் அடக்கம்’ பயணம்: காசு கட்டமுதல் லீற்றரைக் கேளுங்கள்

வவுனியா, கிளிநொச்சிப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வவுனியாவில் வான் வண்டியில் ஏற்றி, முழங்காவில் கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் இரணைதீவில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்கவைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். சாப்பாடு, தண்ணீர், வான், படகு எல்லாம் அடக்கம், தலைக்கு 14,500 ரூபா. நாங்கள் எட்டுப் பேர் போனோம், 116,000. பாதியை முற்பணமாக வங்கியில் போட்டோம், மீதியை வானில் ஏறும்போது வாங்கிவிட்டார்கள். அதற்குக் கிடைத்தது: ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 24, விடியப்புறம் கட்டிய சோற்றுப் பார்சல் 16, கொஞ்சம் நூடில்ஸும் பிஸ்கட்டும், ஒரு படகு. அந்தப் படகும் போகும் வழிக்கு மட்டும்.

முதலில் தண்ணீர். 24 போத்தலை அடுக்கி வைத்தால் நிறையத்தான் தெரியும். கூட்டினால் 36 லீற்றர். வெள்ளி காலை முதல் ஞாயிறு மதியம் வரை இரண்டரை நாள், எட்டுப் பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 1.8 லீற்றர். குடிப்பதும் அதற்குள், நூடில்ஸ் அவிப்பதும் அதற்குள். உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்த இடத்தில் குடிக்க மட்டுமே மூன்றரை லீற்றர் போகும். சமையலுக்கும் கோப்பை கழுவவும் ஒன்றரை. எட்டுப் பேருக்கு இரண்டரை நாளுக்கு 100 லீற்றர். காற்று எழும்பிப் படகு வராத ஒரு நாளுக்கென்று இன்னும் 40. ஆக, 20 லீற்றர் கான் ஏழு.

கேட்டால் “அங்கை கிணறு இருக்கு அண்ணை” என்பார்கள். இருக்கிறதுதான். 1992இல் இடம்பெயர்ந்து, எதிர்க்கரை இரணைமாதாநகரில் ஊரைத் திரும்பக் கேட்டு ஒரு வருடமளவு போராடி, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் திரும்பிய சனத்தின் கிணறு அது. எட்டுப் பேர் போய் வாளி போடவென்று யாரும் வெட்டி வைக்கவில்லை.

கானிலும் ஒரு வில்லங்கம். கரையில் மண்ணெண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஒரே மாதிரிக் கான்தான். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் எண்ணெய் குடித்த பிளாஸ்ரிக்கில் மணம் போகாது. வெறும் கானை மூடி, வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். லேசாக அடித்தாலும் அதில் தண்ணீர் நிரப்பாதீர்கள்.

ஏழு கான் என்றதும் ஏற்பாட்டாளர் ஏன் மழுப்புகிறார்? தண்ணீர் மட்டும் 140 கிலோ. எட்டுப் பேர், பைகள், அடுப்பு, அரிசி எல்லாம் சேர்ந்து 600 கிலோ. இன்னும் படகோட்டி, துணைக்கு ஒருவர், இஞ்சின், எண்ணெய். பதினெட்டு அடிப் பைபர் படகு ஒன்றில் இதை ஏற்றினால் விளிம்பு தண்ணீரோடு இருக்கும். சின்ன அலைக்கே அணியத்தால், அதாவது படகின் முன்பக்கத்தால், வாரி அடிக்கும். இரண்டு படகு வேண்டும், இல்லையென்றால் இரண்டு நடை. ஒரு படகுக் காசில் விலை பேசியவர் ஆட்களைக் குறைக்க மாட்டார், தண்ணீரைத்தான் குறைப்பார். எங்களுக்கு நடந்ததும் இதுதான்.

நெடுந்தீவு என்றால் குறிகட்டுவான் இறங்குதுறையில் பயணிகள் படகு இருக்கிறது, நேரம் கேட்கலாம். இரணைதீவுக்கு ஏறுவது கடற்றொழிலாளி ஒருவரின் படகில். அதனால் அவரோடு நீங்களே பேச வேண்டும். ஞாயிறு காலை அவர் வந்து சொன்னது: “தம்பியவை, எனக்கு இறக்கி விடுறதுக்கு மட்டும்தான் காசு தந்தவை.” அவரில் பிழையில்லை. திரும்ப 12,000 ரூபா நாங்கள் கொடுத்தோம்.

எண்ணெயையும் அவரிடமே கேளுங்கள். 25 குதிரைவலு இஞ்சின் முழு விசையில் மணிக்குப் பத்து லீற்றர் அளவில் குடிக்கும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. மண்ணெண்ணெயில் ஓடினாலும் ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேண்டும்; அந்தச் சின்னப் போத்தல் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜக்கற். தேசிய அடையாள அட்டை பையில் அல்ல, சட்டைப் பையில்.

மே முதல் செப்டம்பர் வரை சோளகம், தென்மேல் காற்றுக் காலம். காலையில் குளம் மாதிரிக் கிடக்கும் கடல் வெயில் ஏற ஏற முறுகும். விடியப் புறப்பட்டு, திரும்பும்போதும் காலை ஒன்பதுக்கு முன் ஏற வேண்டும். விளம்பரத்தில் “ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குப் படகு” என்று போட்டிருக்கிறார்கள். அதை எழுதியவர் கடலைப் பார்த்தவரில்லை.

சாப்பாட்டில் பார்சல்தான் முதல் ஏமாற்று. விடிய ஐந்து மணிக்குச் சூட்டோடு கட்டி, வெக்கையில் கிடந்த தேங்காய்ப்பால் கறி பின்னேரமே நூல் விட்டுவிடும். இரவுக்கென்று வைத்த எட்டும் புதைக்கப் போனது. பார்சல் ஒரு மதியத்துக்கு மட்டும், அதுவும் பால் விடாத கறியோடு. மீதிக்கு எட்டுப் பேருக்கு அரிசி 3 கிலோ, பருப்பு 1 கிலோ, 425 கிராம் மீன் ரின் 4, நெத்தலிக் கருவாடு அரைக் கிலோ. தேங்காயை முழுசாக ஐந்து கொண்டுபோய் அங்கேயே திருவுங்கள். காலைக்குப் பொரியரிசிமா 2 கிலோவும் பனங்கட்டியும் இருந்தால் அடுப்பே வேண்டாம். கட்டாச்சம்பல் ஒரு போத்தல், புழுக்கொடியல் ஒரு பை. பாண் முதல் நாளோடு சரி. அங்கே மீன் வாங்கக் கிடைத்தால் நல்லது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சின்னக் காஸ் ரின் இரண்டு தந்தார்கள். மறைப்பில்லாமல் காற்றில் எரித்தால் பாதிச் சூடு பறக்கும். குறைந்தது நாலு ரின் வேண்டும், கூடவே மூன்று பக்கம் மறைக்க ஒரு தகரம்.

வான் விசயம் சின்னது. வவுனியாவிலிருந்து மாங்குளம், மல்லாவி, வெள்ளாங்குளம் வழியே முழங்காவிலுக்கு ஏறலாம். பரந்தன், பூநகரி சுற்றிப் போய்விட்டு “மேலதிகக் கிலோமீற்றர்” என்று 4,000 கேட்டார்கள். கொடுக்கவில்லை.

அடக்கம் என்று சொன்னால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எத்தனை படகு, போக வர இரண்டுக்குமா, தண்ணீர் எத்தனை லீற்றர், காற்றென்றால் மேலதிக நாளின் செலவு யாருக்கு. படகோட்டியின் இலக்கத்தை வாங்கி முதல்நாள் பின்னேரம் நீங்களே எடுத்துப் பேசுங்கள். இலக்கம் தர மறுத்தால் முற்பணம் போடாதீர்கள். படகுக் காசையும் பழுதான பார்சல் காசையும் திருப்பிக் கேட்டோம்; இரண்டு நாள் பதில் வந்தது, பிறகு இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள்.

அதே விளம்பரம் இப்போது அடுத்த விடுமுறைக்கென்று புதுத் திகதியோடு வருகிறது. படத்தில் மட்டக்குதிரைகள் ஓடுகின்றன. அது நெடுந்தீவு.