சின்ன விமான நிறுவனத்தில் நாலு வருடம்: நேரம் மாறிவிட்டதாக வரும் அந்தச் செய்தி

சித்தப்பா மகன் நேற்று போன் செய்தான். "அண்ணே, மும்பையிலிருந்து சென்னைக்கு நீங்க போற கம்பெனில 1,100 ரூபா கம்மியா காட்டுது, போட்டுரவா?" ஊரில் அவன் மனைவிக்கு வளைகாப்பு. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், ஆனால் ராத்திரி முழுக்க அதே நினைப்புதான்.

நாலு வருடமாக அந்த நிறுவனத்தில்தான் போய் வருகிறேன், முப்பது தடவைக்கு மேல் இருக்கும். பெயர் வேண்டாம். இருக்கை இடைவெளி, பை எடை, காசு கொடுத்து வாங்கும் சாப்பாடு எல்லாம் தெரிந்துதானே டிக்கெட் போடுகிறோம், அதில் எனக்குக் குறையில்லை. என் கோபமெல்லாம் ஒரு குறுஞ்செய்தி மேல்தான். "உங்கள் விமானத்தின் நேரம் மாற்றப்பட்டுள்ளது." நாலில் ஒரு பயணத்துக்காவது இது வந்துவிடும். போன வருடம் பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிளம்பினேன், மாலை 4:20 விமானம் இரவு 9:50 ஆனது, எழும்பூரில் விருதுநகர் ரயில் போய்விட்டது, காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம் என்றும் அந்தச் செய்தியில் இருந்தது. அந்த 4,300 ரூபாயை வாங்கி என்ன செய்ய, அன்றைக்கு மற்ற விமானங்களில் 11,000!

ஆனால் இது அலட்சியத்தால் மட்டும் நடப்பதில்லை. மலிவு விமான நிறுவனம் ஒரு விமானத்தை விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை ஓட்டினால்தான் கணக்கு கட்டுப்படியாகும், ஒரு நாளில் ஐந்தாறு தடவை ஏறி இறங்கும். காலையில் எங்கோ ஒரு கோளாறு என்றால் அது உருண்டு உருண்டு மாலையில் என் தலையில் விழும். இண்டிகோவிடம் 400 விமானங்களுக்கு மேல் இருக்கின்றன, ஒன்று நின்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடலாம். சின்ன நிறுவனத்துக்கு அந்த "அடுத்தது" இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கோ ஃபர்ஸ்ட் என்ற மலிவு விமான நிறுவனம் 2023 மே மாதம் நின்றதும் இப்படித்தான். பிராட் அண்ட் விட்னி என்ஜின் சிக்கலில் பாதி விமானங்கள் தரையில் கிடந்தன, பறக்கிற பாதியின் வருமானத்தில் எல்லாக் கடனையும் எப்படிக் கட்டுவது? அதே என்ஜின் சிக்கலில் இண்டிகோவின் விமானங்களும் எத்தனையோ நின்றன, அவர்கள் தாங்கிக்கொண்டார்கள்.

விலையைக் குறைத்தே பிழைத்துவிடலாம் என்றால் ஏர் டெக்கான் இன்றைக்கும் பறந்திருக்க வேண்டும். கேப்டன் கோபிநாத் 2003-இல் தொடங்கி, ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்று, ரயிலில் போனவர்களை விமானத்தில் ஏற்றினார். 2007-இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் கைக்குப் போனது, 2012-இல் கிங்ஃபிஷரே நின்றுவிட்டது. செலவில் பெரும் பங்கு எரிபொருள், அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, அதற்குப் பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் வாட் வரி. விமான வாடகை டாலரில், நாம் கொடுப்பது ரூபாயில். அப்புறம் எங்கே மிஞ்சும்?

பெரியவர்களும் விழத்தான் செய்கிறார்கள். விமானிகளின் ஓய்வு நேர விதி மாறிய பிறகு, 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது, மற்றவர்களின் கட்டணம் எகிறி, அரசு தூரத்துக்கு ஏற்ப 7,500 முதல் 18,000 வரை உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. சின்ன நிறுவனங்கள் பிழைக்க வேண்டும் என்று நான் மனசாரச் சொல்வது இதற்காகத்தான், ஒருவரை மட்டும் நம்பினால் நாடே விமான நிலையத்தில் உட்கார்ந்துவிடும். ஆனால் அந்த அடியை ஒரு சின்ன நிறுவனம் வாங்கியிருந்தால் எழுந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மாவை முதன்முதலாகக் கூட்டி வந்தது நான் போகும் இந்தச் சின்ன நிறுவனத்தின் விமானத்தில்தான். முழங்கால் வலியோடு படியேற முடியாமல் நின்றபோது, பணிப்பெண் ஒருவர் இறங்கி வந்து, "மெதுவா வாங்கம்மா, நீங்க ஏறாம வண்டி கிளம்பாது" என்று தமிழில் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது சக்கர நாற்காலி தயாராக இருந்தது. அம்மா இன்றும் அந்தப் பெண்ணை விசாரிக்கிறார். வேறு எந்த விமானத்திலும் எங்களுக்கு அப்படி ஒரு கவனிப்பு கிடைத்ததில்லை.

காலையில் தம்பியைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வளைகாப்புக்கு நேரம் குறித்திருக்கிறார்கள், 1,100 ரூபாய்க்காக அந்தச் செய்திக்குப் பயந்துகொண்டு இருக்காதே, பெரிய கம்பெனியிலேயே போடு என்றேன். "அப்போ காலைல முதல் பிளைட்டுல போடவாண்ணே, அது லேட்டாகாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?" என்றான். உண்மைதான், ராத்திரியே வந்து நிற்கும் விமானம் என்பதால் அது அநேகமாக நேரத்துக்குக் கிளம்பிவிடும். தேடிப் பார்த்தேன். அந்தத் தடத்தில் இந்தச் சின்ன நிறுவனத்துக்கு இப்போது காலை விமானமே இல்லை. போன வருடம் இருந்தது.