கரையோர ஊருக்குக் கேமராவா, இரவு ரோந்தா?

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் கிடக்கும் படகிலிருந்து எஞ்சினோ டீசலோ வலையோ களவு போனால், ஊர்க்கூட்டத்தில் இரண்டு யோசனைகள் எழும்.

செலவு
கேமரா: வாங்கவும் பணம், பராமரிக்கவும் பணம்.
ரோந்து: டார்ச்சும் விசிலும் போதும்; உறக்கம்தான் விலை.

தாங்கும் தன்மை
கேமரா: உப்புக்காற்றில் திருகாணி துருப்பிடிக்கும், கண்ணாடியில் உப்புப் படியும். வாரந்தோறும் துடைக்க ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் வாங்கவே வேண்டாம்.
ரோந்து: ஆண்கள் கடலுக்குப் போகும் இரவுகளில் ஆள் குறையும்.

பலன்
கேமரா: நடந்ததற்குச் சாட்சி.
ரோந்து: நடக்கும் முன்பே தடுக்கும்.

எல்லை மீறும் ஆபத்து
கேமரா: அடுத்தவர் வாசலை நோக்கித் திருப்பினால் சண்டை.
ரோந்து: இதில்தான் மிகுந்த கவனம் தேவை. 1993-இல் பிரதீப் வி. பிலிப் எஸ்.பி.யாக இருந்தபோது இதே ராமநாதபுரத்தில்தான் காவல்துறைக்கு உதவும் பொதுமக்கள் அமைப்பான 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' பிறந்தது. போலீஸ் காவலில் நேர்ந்த சாத்தான்குளம் தந்தை, மகன் மரணங்களுக்குப் பின், அந்த அமைப்பினர் மீதும் புகார் எழுந்ததால், 2020 ஜூலையில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. எனவே ரோந்து செல்பவர் கையில் தடி இருந்தாலும், அடிக்கவோ விசாரிக்கவோ அவருக்கு உரிமை இல்லை. சந்தேகம் என்றால் 112, கடலில் என்றால் 1093. யாருக்கு எந்த இரவு என்ற முறைப் பட்டியலின் ஒரு படியைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுவது மிக அவசியம்.

ஒருவரையொருவர் அறிந்த மீனவர் குடியிருப்புக்கு ரோந்தே என் தேர்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளும் ஆட்களும் கரையில்தான் இருப்பார்கள். வெளிநாட்டில் இருப்போரின் பூட்டிய வீடுகள் உள்ள கீழக்கரைத் தெருக்களுக்குக் கேமரா பொருந்தும்.